பாமாயிலுக்கு இரண்டே வாசல்

கேள்வி இது: “ஒரு பொருளை ஒன்றிரண்டு நாடுகளிடமே இறக்குமதி செய்வது ஆபத்து என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எங்கே மலிவோ அங்கே வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? அப்படியே ஆபத்து என்றாலும், சமையல் எண்ணெய் மாதிரிப் பொருளை நாமே தயாரித்துக்கொள்ளலாமே. எல்லாரும் செக்கு எண்ணெய்க்குத் திரும்பினால் முடிந்ததல்லவா?”

சமையல் எண்ணெய் இறக்குமதியில், கொள்முதல் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் எண்ணெயை வைத்தே பதில் சொல்கிறேன். நடுவில் மருந்தையும் காந்தத்தையும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும். அவற்றோடு ஒப்பிட்டால்தான் எண்ணெயில் நமக்கு இருக்கும் சிக்கல் எப்படிப்பட்டது என்று புரியும்.

மலிவான இடத்தில் வாங்குவதில் தவறே இல்லை. அந்தக் கடை ஒருநாள் பூட்டிக்கிடந்தால் அடுத்த கடை எங்கே, அங்கே போய்வர எத்தனை நாள், அதுவரை வீட்டில் இருப்பது தாங்குமா என்று யோசிக்காமலே வாங்கிக்கொண்டிருப்பதுதான் தவறு. ஒரே நாட்டிடம் 70 சதவீதம் வாங்கியும் பெரிய சேதமில்லாமல் தப்பித்த பொருள் உண்டு. மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னச் சாமான் வராமல் ஆலை நின்றதும் உண்டு. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும், விலையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

மார்கழிக் காலையில் ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பாதி வெள்ளையாக உறைந்திருக்கும், மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகள். உலகச் சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும் கடையில் 25 ரூபாய்தான். மீதியை மாநில அரசு தாங்கிக்கொள்கிறது. அந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் எண்ணெய் அநேகமாக இந்தோனேசியாவில் விளைந்தது, இல்லையென்றால் மலேசியாவில். உலகின் மொத்தப் பாமாயிலில் சுமார் 85 சதவீதத்தை இந்த இரண்டு நாடுகளே உற்பத்தி செய்கின்றன. நாம் சோம்பேறித்தனத்தால் இரண்டு கடையில் மட்டும் வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஊரிலேயே இரண்டு பெரிய கடைதான்.

நாட்டு அளவில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. நம் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. செலவு ஒன்றரை லட்சம் கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. அதில் பாதி அளவு பாமாயில். சோயா எண்ணெய் முக்கியமாக அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது, சூரியகாந்தி எண்ணெய் கருங்கடல் பக்கத்திலிருந்து. பாமாயிலுக்கு ஏன் இந்த முதலிடம்? விலை ஒரு காரணம், தூரம் இன்னொன்று. சுமத்ராவின் துமாய் துறைமுகத்திலோ மலேசியாவின் பாசிர் கூடாங்கிலோ ஏற்றினால் பத்து நாளுக்குள் சென்னைக்கோ காக்கிநாடாவுக்கோ வந்துவிடும். கருங்கடலிலிருந்து ஒரு மாதம். தென் அமெரிக்காவிலிருந்து ஆறு வாரம். வங்கிக் கடனில் சரக்கு வாங்குகிறவருக்கு ஆறு வார வட்டியும் பத்து நாள் வட்டியும் ஒன்றல்ல.

கச்சா பாமாயில் இறங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் அதன் நிறத்தைக் கண்டு அசந்துபோவார்கள். ரேஷன் பாக்கெட்டின் வெளிர் மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பழுத்த மிளகாயை அரைத்துக் கரைத்த மாதிரிச் செக்கச்செவேலென்று இருக்கும். கப்பல் தொட்டிக்குள் சூடாக்கும் குழாய்கள் ஓடும். 50 டிகிரி அளவில் வைத்திருந்தால்தான் பம்பில் ஏறும், ஆறிவிட்டால் களியாகிவிடும். சாம்பிள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை கரையில் காத்திருப்போம். இதெல்லாம் தடங்கலில்லாமல் நடக்கும் மாதங்களில், இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற நினைப்பே யாருக்கும் வராது.

2022 அந்த நினைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெய் சுமார் 18.9 லட்சம் டன். அதில் 70 சதவீதம் உக்ரைன், 20 சதவீதம் ரஷ்யா, மீதி 10 சதவீதம் அர்ஜென்டினா. பிப்ரவரி 24-ஆம் தேதி போர் தொடங்கியது. ஒடேசா பக்கத்துத் துறைமுகங்கள் மூடப்பட்டன. நமக்குச் சரக்கு தந்துகொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ‘ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்கிறவர்கள் இரண்டு பேராக இருந்தால் போதாது, இருவரும் ஒரே கடலோரத்தில் இருக்கக் கூடாது. மார்ச்சில் மலேசியச் சந்தையில் கச்சா பாமாயில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதுவரை காணாத விலை.

அந்த அடி ஆறுவதற்குள் அடுத்தது. ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை. இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ சமையல் எண்ணெய் ஏற்றுமதியை 28-ஆம் தேதி முதல் நிறுத்துவதாக அறிவித்தார். எங்களுக்கு ஒரு சரக்கு துமாயில் ஏறுவதற்குக் காத்திருந்தது. சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும்தானா, கச்சாவுக்கும் சேர்த்தா என்பதே யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தரகர் காலையில் ஒன்று சொன்னார், மதியம் வேறொன்று சொன்னார், ராத்திரி போனே எடுக்கவில்லை. சுத்திகரித்த பாமோலினுக்கு, அதாவது பாமாயிலின் தெளிந்த பகுதிக்கு, மட்டும்தான் என்று முதலில் ஒரு விளக்கம் வந்தது, மூச்சு விட்டோம். 27-ஆம் தேதி கச்சாவும் சேர்ந்துகொண்டது. தடை மே 23 வரை, ஒரு மாதத்துக்கும் குறைவாகத்தான் நீடித்தது. அந்த நாட்களில் விலைப்பட்டியல் கேட்டுப் பேசிய சின்ன வியாபாரிகளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. “சார், கல்யாண சீசன் வருது, டின்னு எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்புறம் மாத்தாதீங்க” என்பார்கள். சொல்ல எங்களிடம் விலை இல்லை.

இந்தோனேசியா நம்மை விரோதித்துக்கொண்டு இதைச் செய்யவில்லை. அவர்களுடைய சொந்த ஊர்க் கடைகளில் சமையல் எண்ணெய்க்குப் பல மாதமாக வரிசை நின்றது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் விளைவிக்கும் நாட்டில், வடை மாதிரிப் பலகாரம் சுட்டு விற்கிறவர்களுக்கு எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. எந்த அரசாக இருந்தாலும் சொந்த மக்களின் அடுப்பைத்தான் முதலில் பார்க்கும். இறக்குமதியில் ஆபத்து என்றாலே எல்லாரும் போரையும் பகையையும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், விற்கிற நாடு தன் வீட்டுத் தேவைக்காகக் கதவைச் சாத்துவதுதான் அதிகம். அந்த வீட்டுத் தேவையும் வளர்ந்துகொண்டே போகிறது: டீசலில் கலக்கும் பாமாயில் பங்கை இந்தோனேசியா 2025-இல் 40 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. நம் வாணலிக்கு வரவேண்டிய எண்ணெயோடு இப்போது அவர்களுடைய லாரிகளும் போட்டி போடுகின்றன.

இதைச் சொல்லும்போது நாம் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 2022 மே 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதியையும், 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் நாம் தடுத்தோம். அமெரிக்காவில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைக்கு வரிசையில் நின்ற வீடியோக்கள் அப்போது எங்கும் சுற்றின. ஆனால் உண்மையான அடி வாங்கியவர்கள், நம் அரிசியை நம்பியே உலை வைக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஏழைகள். 2022 ஏப்ரலில் நமக்கு இந்தோனேசியா எப்படியோ, அடுத்த ஆண்டு பெனின் மாதிரி நாடுகளுக்கு நாம் அப்படி.

வாங்குகிறவர் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கத்தான் செய்கிறது. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசியது டெல்லிக்குப் பிடிக்கவில்லை. 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. உத்தரவில் மலேசியாவின் பெயர் இல்லை. அடி விழுந்தது மலேசியாவுக்குத்தான். நம்மால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதே எண்ணெய் பக்கத்து வாசலில், இந்தோனேசியாவில், கிடைத்தது. இரண்டே ஆண்டில் அந்த வாசல் சாத்தப்பட்டபோது நாம் மலேசிய வாசலில் போய் நின்றோம். இரண்டே வாசல் இருக்கும் தெருவில் ஒன்றைக் கோபத்தில் நாமே இழுத்துச் சாத்துவது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

ஒன்றிரண்டு நாடுகளையே நம்பியிருக்கும் இந்தச் செறிவை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு நாட்டின் சதவீதத்தையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். போருக்கு முந்தைய சூரியகாந்தி எண்ணெய்க்குப் போட்டுப் பாருங்கள்: 70-இன் வர்க்கம் 4,900, 20-க்கு 400, 10-க்கு 100, கூட்டினால் 5,400. பத்து நாடுகளிடம் சமமாக வாங்கியிருந்தால் 1,000 வரும், ஒரே நாடு என்றால் 10,000. அமெரிக்காவில் நிறுவன இணைப்புகளை ஆராயும் அதிகாரிகள் 2023 வழிகாட்டியின்படி 1,800-ஐத் தாண்டினாலே மிகச் செறிவான சந்தை என்கிறார்கள். இதற்கு ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். வணிகப் படிப்பு படித்தவர்கள் இதை நிறுவனங்களின் போட்டியை அளக்கும் கணக்காகவே அறிந்திருப்பார்கள். ஆனால் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-இல் வெளியான தம் நூலில் இந்த வகைக் குறியீட்டைக் கையாண்டது நாம் பேசும் விஷயத்துக்காகத்தான். அவர் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு ஓடியவர். 1930-களில் ஜெர்மனி பல்கேரியா போன்ற சின்ன நாடுகளின் வணிகத்தைத் தன் பக்கம் எப்படி இழுத்துக்கொண்டது என்று பார்த்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் பல்கேரிய வணிகத்தில் பாதிக்கு மேல் ஜெர்மனியோடுதான். ஜெர்மனியின் மொத்த வணிகத்திலோ பல்கேரியா ஒரு துளி. உறவு முறிந்தால் ஒருவருக்குக் கீறல், இன்னொருவருக்குக் கழுத்து. அந்த ஏற்றத்தாழ்வில்தான் அதிகாரம் பிறக்கிறது என்று அவர் காட்டினார்.

கணக்கு எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். எவ்வளவு வலிக்கும் என்று சொல்லாது. 5,400 என்ற எண்ணைப் பார்த்தால் 2022-இல் நம் நாட்டில் எண்ணெயே இல்லாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. சூரியகாந்தி எண்ணெய் வராதபோது சோயாவும் பாமாயிலும் தவிட்டு எண்ணெயும் வாணலியில் அதன் இடத்தைப் பிடித்தன. விலைதான் எல்லாவற்றிலும் சேர்ந்தே ஏறியது. ஒன்று குறைந்தால் எல்லாரும் மற்றதன்மேல் பாய்வார்கள், அதனால் தப்பித்த எண்ணெய் எதுவும் இல்லை. எண்ணெயில் நமக்கு வருவது விலை அடி. ஏழை வீட்டில் விலை அடியும் பசிதான், அதைச் சின்னதாக்கிச் சொல்லவில்லை. ஆனாலும் அடுப்பு அணையவில்லை.

அடுப்பே அணைகிற வகை வேறு. தொண்டை வலிக்கும் காது வலிக்கும் நாம் வாங்கும் அமாக்சிசிலின் மாத்திரைக்கு மூலம் பெனிசிலின் ஜி. 1954-இல் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு புனே அருகே பிம்ப்ரியில் அரசே பெனிசிலின் ஆலை தொடங்கியது. பிறகு தனியாரும் வந்தார்கள். சீன விலையோடு போட்டி போட முடியாமல் ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தினார்கள். பல வருடங்கள் நாட்டில் பெனிசிலின் ஜி உற்பத்தியே இல்லை. மாத்திரை போடும் ஆலைகள் உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தன, மூலப்பொருள் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கே மாற்று என்பது இன்னொரு எண்ணெயை எடுத்து ஊற்றுவது மாதிரி இல்லை. நுண்ணுயிரை வளர்க்கும் பெரிய நொதிக்கலன்கள் வேண்டும், நல்ல நுண்ணுயிர் ரகம் வேண்டும், மலிவான மின்சாரமும் சர்க்கரைப் பாகும் வேண்டும், கைப்பழக்கம் உள்ள ஆட்கள் வேண்டும். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க வருடங்கள் ஆகும். 2020-இல் கொரோனா வந்து சீன ஆலைகள் முடங்கிய பிறகு 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள். காக்கிநாடா அருகே புதிய பெனிசிலின் ஜி ஆலை ஓடத் தொடங்கியபோது 2024 வந்துவிட்டது.

காந்தத்தின் கதை இன்னும் நுட்பமானது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் (rare earths) அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. மின்சார வண்டியின் மோட்டாருக்குள் இருக்கும் அந்தக் காந்தத்தின் விலை, வண்டி விலையில் மிகச் சின்னப் பங்கு. அது வராமல் வண்டி நகராது. சில மாதங்களில் நம் வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அருமண் தரும் மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. மணலைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலையும் அங்கேயே இருக்கிறது. மண் இருக்கிறது, காந்தம் இல்லை. தோண்டுவதற்கும் காந்தமாக்குவதற்கும் நடுவில் பிரித்தெடுத்தல், உலோகமாக்கல், கலவை என்று பல படிகள். அந்தப் படிகளை விட்டுவிட்டோம். ஆகவே ஒரு பொருளை எத்தனை நாடுகள் தோண்டுகின்றன என்று எண்ணி நிம்மதி அடைய வேண்டாம். எத்தனை நாடுகள் அதைப் பக்குவப்படுத்துகின்றன என்று எண்ண வேண்டும்.

இதிலிருந்து வெளியே வர முடியாதா என்றால், ஜப்பானைப் பார்க்கலாம். 2010 செப்டம்பரில், ஜப்பான் வசம் இருக்கும், சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவரைக் கைது செய்தார்கள். கொஞ்ச நாளில் ஜப்பானுக்கு வரும் அருமண் சரக்கு தடைபட்டது. அப்போது அவர்கள் தேவையில் 90 சதவீத அளவு சீனா. ஜப்பான் அரசு நிறுவனமும் ஒரு வணிக நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனஸ் சுரங்க நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்துத் தாங்கின. லைனஸின் சுத்திகரிப்பு ஆலை மலேசியாவின் குவாந்தான் அருகே இருக்கிறது. காந்தத்தில் அருமண் அளவைக் குறைக்கும் ஆராய்ச்சி, பழைய சாதனங்களிலிருந்து மீட்பது, கையிருப்பு என்று எல்லாப் பக்கமும் வேலை நடந்தது. பத்து வருடத்துக்கு மேல் உழைத்து சீனாவின் பங்கை 60 சதவீத அளவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். இடையில் அருமண் விலை விழுந்து லைனஸ் தள்ளாடியபோதும் கைவிடவில்லை. சீனா மலிவாக விற்ற காலத்திலும் மாற்றுக் கடைக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பொறுமைதான் நம்மிடம் இல்லை.

நம்மிடமும் ஒருகாலத்தில் இருந்தது. 1986-இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. விதை, விலை, கொள்முதல், ஆலை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். ‘அமுல்’ வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசிய பால்வள வாரியம் ‘தாரா’ எண்ணெயைக் கொண்டுவந்தது. எண்ணெய் விலையை மேலும் கீழும் ஒரு வரம்புக்குள் நிறுத்தும் பொறுப்பு 1989-இல் அந்த வாரியத்திடம் வந்தது. இறக்குமதி அரசின் கையில் இருந்ததால் விலை சரியும் என்ற பயம் விவசாயிக்கு இல்லை. எண்ணெய்வித்து உற்பத்தி பத்தாண்டுக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1990-களின் தொடக்கத்தில் நம் தேவையில் 95 சதவீதத்துக்கு மேல் இங்கேயே விளைந்தது. மஞ்சள் புரட்சி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். அதன் பின்பாதியைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 1994-இல் பாமோலின் இறக்குமதி 65 சதவீத வரியோடு திறந்துவிடப்பட்டது. வரி படிப்படியாக இறங்கி 1998-இல் 15 சதவீதத்துக்கு வந்தது. 1999-2000 வாக்கில் இறக்குமதி 40 லட்சம் டன்னைத் தாண்டியது. நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு எண்ணெய் மலிந்தது. அது பொய்யான நன்மை இல்லை, என் வீட்டிலும் அதை அனுபவித்தோம். விலையைக் கொடுத்தது திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மல்லாட்டைக் காடு, அதாவது நிலக்கடலைக் காடு. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 10 லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த நிலக்கடலை இன்று 4 லட்சம் ஹெக்டேர் அளவில்தான். மழை பொய்த்ததும், பறிக்க ஆள் கிடைக்காததும், ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரும்புக்கு மாறியதும் காரணங்கள்தான். ஆனால் எண்ணெய்க்கு நிலையான விலை இருந்திருந்தால் இத்தனை பேர் விட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது மறுபடி பணம் ஒதுக்குகிறார்கள். 2021-இல் எண்ணெய்ப்பனைக்கு 11,040 கோடி ரூபாய்த் திட்டம், 2024 அக்டோபரில் எண்ணெய்வித்துகளுக்கு 10,103 கோடி. திட்டங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வரியைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா சமையல் எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5-க்கு ஏற்றினார்கள். சோயா விவசாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் அவருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்கூடச் சந்தையில் கிடைக்கவில்லை. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2025 மே கடைசியில் வரி 16.5-க்கு இறங்கியது, அடுத்த விதைப்புக்குச் சற்று முன்னால். எண்ணெய்ப்பனை நட்டால் முதல் குலை வெட்டவே மூன்று நான்கு வருடம் ஆகும். முழு விளைச்சலுக்கு ஏழெட்டு வருடம். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை மாறும் வரியை நம்பி அந்தக் கன்றை யார் நடுவார்?

கையிருப்பிலும் இதே அலட்சியம். கச்சா பெட்ரோலியத்துக்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் பாறைக் குகைகளில் 53 லட்சம் டன் சேமிக்க இடம் வைத்திருக்கிறோம். சமையல் எண்ணெய்க்கு அப்படி ஒன்று இல்லை. துறைமுகத் தொட்டிகளிலும் வழியிலும் இருக்கும் சரக்குதான் நம் கையிருப்பு. அது ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பெட்ரோலியம் மாதிரி எண்ணெயை வருடக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது, சிக்கு வாடை வந்துவிடும். ஆனால் பழையதை ரேஷனுக்கு எடுத்துப் புதியதை நிரப்பிச் சுழற்றலாம். மாதம் 2 கோடி லிட்டர் அளவில் பாமாயில் கொடுக்கும் தமிழ்நாடு மாதிரி மாநிலத்துக்கு இரண்டு மாதச் சுழல் கையிருப்பு ஒன்றும் எட்டாத விஷயம் இல்லை. விலை விழுந்த மாதங்களில் வாங்கி நிரப்பினால், ஏறிய மாதங்களில் டெண்டர் விட்டு வாங்கவே தேவைப்படாது.

போர் முடியாமலேயே சூரியகாந்தி எண்ணெய் திரும்ப வந்ததே, அதைப் பார்த்து நிம்மதி அடையலாமா என்று கேட்பவர்களுக்கு: 2023-24-இல் இறக்குமதி 35 லட்சம் டன்னை எட்டியது, முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து. உக்ரைன் இருந்த இடத்தில் ரஷ்யா வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கருங்கடலில் நிற்பவர் இன்னும் கருங்கடலில்தான் நிற்கிறார்.

இனி செக்கு எண்ணெய். கேள்வியில் இருக்கும் நல்ல மனசு புரிகிறது, ஆனால் நிலக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹெக்டேருக்கு 2 டன் நிலக்கடலைக் காய் விளைந்தால் உடைத்த பருப்பு 1.4 டன் வரும். செக்கில் அதில் 42 சதவீதம் எண்ணெய் என்று வைத்தால் 0.6 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 160 லட்சம் டன் இறக்குமதியை இப்படி ஈடுகட்ட 2.7 கோடி ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டில் மொத்தமாகப் பயிராகும் நிலம் 48 லட்சம் ஹெக்டேர் அளவுதான். அதைப் போல ஐந்தரை மடங்கு. கொறிக்கவும் விதைக்கவும் போகும் கடலையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எண்ணெய்ப்பனை ஹெக்டேருக்கு 4 டன் கொடுக்கும், ஆனால் கோடையில் மரம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் அளவு தண்ணீர் கேட்கும். கோதாவரிப் படுகையில் முடியும், எல்லா ஊரிலும் முடியாது. காட்டை அழித்து நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முழுக்க நாமே விளைவித்துவிட முடியாது என்றானபின், எவ்வளவு தேவை என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். நிதி ஆயோக் கணக்கில் இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ எண்ணெய் சாப்பிடுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போதும் என்று சொல்லும் அளவு 12 கிலோ. 140 கோடிப் பேருக்கு 12 கிலோ என்றால் 168 லட்சம் டன். நாட்டுக்குள் கிடைக்கும் எண்ணெய் இப்போதே 120 லட்சம் டன் அளவில் இருக்கிறது. இறக்குமதி 160 லட்சம் டன்னிலிருந்து 50 லட்சம் டன்னுக்குள் வந்துவிடும், புதிதாக ஒரு ஹெக்டேர்கூட உழாமல். இது ஒரே நாளில் நடக்காது, ஒருவேளை பாதிதான் நடக்கும். பாதி நடந்தாலும் எந்த வரிவிதிப்பையும்விடப் பெரியது.

இந்தக் கணக்கைக் காட்டி ரேஷன் பாமாயிலை நிறுத்தச் சொல்லும் குரல்களையும் கேட்டிருக்கிறேன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் ஆளுக்கு ஆண்டுக்கு 3 லிட்டர். கூடுதலாகச் சாப்பிடும் எண்ணெய் அங்கே இல்லை. அது பேக்கரியிலும் சிப்ஸ் பாக்கெட்டிலும் ஓட்டல் வாணலியிலும் வசதியான வீடுகளிலும் இருக்கிறது. வசதி இருப்பவர்கள் செக்கு எண்ணெய் வாங்குங்கள், நல்லதுதான். கடலை விவசாயிக்கு ஒரு கூடுதல் விலை கிடைக்கும். கொஞ்சமாக வாங்கிக் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவரின் அந்த ஒரு லிட்டரில் மட்டும் கை வைக்க வேண்டாம்.